இரண்டு லிட்டர் கோட்டா

"பாய், உன் கோட்டா சும்மாதானே போகுது?"

2016 டிசம்பரில் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கும்பகோணத்து நண்பன் கேட்டது இது. சிங்கப்பூர் வந்து எனக்கு அது முதல் வருஷம். இந்தியாவுக்குள் நுழையும் பயணி இரண்டு லிட்டர் வரை மதுவை வரி கட்டாமல் கொண்டுபோகலாம். நான் குடிப்பதில்லை, அதனால் என் இரண்டு லிட்டர் யாருக்கும் உதவாமல் வீணாகிறது என்பதில் அவனுக்கு உண்மையான வருத்தம். கூட்ட நேரத்து ரயிலில் ஒருவன் பையை வைத்து இடம் பிடித்திருப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

எனக்கு மறுக்கத் தெரியவில்லை. ஊரிலிருந்து வந்த புதிதில் வாடகை முன்பணத்துக்குக் கைகொடுத்தவன் அவன். "குடிக்கத்தானே கூடாது, தூக்கினா என்ன?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சாங்கி விமான நிலையத்தில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டை வாங்கினேன். ரசீதில் என் பெயர், என் கடவுச்சீட்டு எண்.

திட்டப்படி திருச்சி விமான நிலைய வாசலில் அவனுடைய சித்தப்பா வந்து வாங்கிக்கொள்ள வேண்டும். வரவில்லை. தஞ்சாவூர் தாண்டி வண்டி நின்றுவிட்டதாம். என்னை அழைக்க வந்திருந்த மச்சான் காரை வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறார். பாட்டில்களைத் துண்டில் சுற்றிக் கைப்பெட்டிக்குள் திணித்தேன். கூத்தாநல்லூர் போய்ச் சேரும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு மட்டும் ஒரு சத்தம் கேட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்தவன் பெட்டியை யார் திறப்பார்கள் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா கோடாலித் தைலம் ஒரு பக்கம், மைலோ ஒரு பக்கம், சாக்லேட் ஒரு பக்கம் என்று பிரித்து அடுக்கியிருந்தார். நடுவில் துண்டு விரிந்து கிடந்தது.

"இது என்ன தைலம்ப்பா, இவ்வளவு பெருசா?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, தெரிந்துவிட்டது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பாட்டில்களைக் கொல்லையில் விறகு அடுக்கியிருந்த கொட்டகையில் கொண்டுபோய் வைக்கச் சொன்னார். மாலைத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து திரும்பியதும் திண்ணையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். பிழிபவர், பிழியச் சொல்பவர், குடிப்பவர், சுமப்பவர், யாருக்காகச் சுமக்கப்படுகிறதோ அவர், ஊற்றிக் கொடுப்பவர், விற்பவர், அந்தக் காசைத் தின்பவர், வாங்குபவர், யாருக்காக வாங்கப்படுகிறதோ அவர். மதுவின் விஷயத்தில் இந்தப் பத்துப் பேரும் சபிக்கப்பட்டவர்கள் என்று திர்மிதி, இப்னுமாஜா ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் வரும் ஹதீஸ்.

"இதுல நீ எத்தனாவது ஆளு?"

இரண்டு இடத்தில் இருந்தேன். வாங்கியவனும் நானே, சுமந்தவனும் நானே.

மறுநாள் காலையில் அந்தச் சித்தப்பா வருவதற்கு முன் இன்னொரு கேள்வி கிளம்பியது. கீழே கொட்டிவிட்டால் என்ன? மச்சான் அதற்குத் தயாராகவே இருந்தார். அத்தா பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் கேட்டு வந்தார். ஹஜ்ரத் சொன்னது எனக்கு இன்றுவரை வியப்பு. ஹனஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபில் முஸ்லிமுக்கு மது சொத்தே இல்லை, ஆனால் முஸ்லிம் அல்லாதவருக்கு அது மதிப்புள்ள சொத்து. அவருடையதை நாம் அழித்தால் ஈடு கொடுக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் அப்படி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னாராம். "நம்பி ஒப்படைச்ச அமானிதமா வந்ததை ஆளுகிட்டக் கொடுத்துடுங்க. பையனை இன்னொரு தடவை தூக்க வேணாம்னு சொல்லுங்க." அவ்வளவுதான் தீர்ப்பு. சித்தப்பா வந்தார், அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார், பையை வாங்கிக்கொண்டு போனார். அத்தா அவரிடம் மழை பற்றியும் சம்பா பற்றியும் அரை மணி நேரம் பேசினார்.

சிங்கப்பூர் திரும்பி நண்பனிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவன் முகம் மாறிவிட்டது. "நீ குடிக்க மாட்டேன்னு தெரியும். தூக்கினாலே தப்புன்னு எனக்கு எப்படிடா தெரியும்? சொன்னாத்தானே?"

நியாயமான கேள்வி. நான்கு வருஷம் கல்லூரியிலும் பிறகு வேலையிலும் கூட இருந்தவனிடம் நான் சொன்னதெல்லாம் "வேணாம்டா, எனக்கு கோக் போதும்" மட்டும்தான். அதிலிருந்து அவன் என்ன முடிவுக்கு வருவான்? எனக்கு அந்தச் சுவை பிடிக்காது, பாகற்காய் பிடிக்காத மாதிரி. பாகற்காய் பிடிக்காதவன் வரும் வழியில் பாகற்காய் வாங்கி வர மறுப்பானா?

அன்று ராத்திரி விடாமல் கேள்வி கேட்டான். குர்ஆனில் எங்கே இருக்கிறது, எடுத்த எடுப்பிலேயே தடையா? இல்லை என்றேன். முதலில் அதில் பெரும் பாவமும் கொஞ்சம் பயனும் உண்டு, பயனைவிடப் பாவம் பெரிது என்று ஒரு வசனம். பிறகு போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்று இன்னொன்று. ஐந்து வேளைத் தொழுகிறவனுக்கு அதிலேயே பாதி நாள் போய்விடும். கடைசியாகத்தான் ஐந்தாம் அத்தியாயத்தின் 90-ஆம் வசனம், அடியோடு தடை. அந்தச் செய்தி வந்தபோது மதீனாவில் ஒரு வீட்டில் பேரீச்சை மதுவை ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த இளைஞர், நபித்தோழர் அனஸ், எல்லாவற்றையும் வெளியே கொட்டச் சொன்னார்கள், தெருவில் ஓடியது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நண்பன் கேட்டுவிட்டு, "நம்ம ஊர்ல மதுவிலக்கை 1937-ல சேலத்துல ஆரம்பிச்சு, 1971-ல எடுத்து, 1974-ல மறுபடி போட்டு, 1981-ல மறுபடி எடுத்து, கடைசில கடையையே அரசாங்கம் நடத்துது. அங்கே மட்டும் எப்படி நின்னுச்சு?" என்றான். அவனுடைய தாத்தா கள்ளுக்கடை மறியலில் போனவர் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, மறைத்ததால் வந்த தொல்லை அது. வெளியே தெரிந்ததால் வரும் தொல்லை வேறு மாதிரி.

2017 சீனப் புத்தாண்டுக்கு அலுவலக விருந்து. உணவகத்துக்கு ஹலால் சான்றிதழ் இல்லை. ஏற்பாடு செய்தவர்கள் மறக்காமல் எனக்குத் தனியாக ஹலால் பென்டோ வரவழைத்திருந்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் முஸ்லிம்களுக்கு இந்தப் பென்டோவைத் தெரியும். சுழலும் வட்ட மேசையில் முழு மீன், வாத்து, நூடுல்ஸ் என்று எட்டு ஒன்பது வகை ஒவ்வொன்றாக வந்து சுற்ற, என் முன்னால் மட்டும் பிளாஸ்டிக் மூடி போட்ட பெட்டி, பிளாஸ்டிக் கரண்டி, ஆறிப்போன கோழித்துண்டு. மருத்துவமனையில் பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். யூஷெங் என்கிற புத்தாண்டு மீன் சாலட் வந்ததும் எல்லோரும் எழுந்து நின்று குச்சிகளால் காய்கறிச் சீவல்களைத் தூக்கித் தூக்கிப் போட்டு வாழ்த்துச் சொன்னார்கள். எங்கள் குழுத் தலைவி, தோ பாயோவில் வளர்ந்த சீனப் பெண், ஒரு ஜோடிக் குச்சியை என் கையில் கொடுத்து, "சாப்பிட வேண்டாம், தூக்கிப் போடு" என்றார். போட்டேன். என் கையிலிருந்துதான் அதிகம் சிந்தியது.

அக்கறையில் குறை சொல்ல எதுவுமே இல்லை, அதுதான் சங்கடம். விதியை நூறு சதவீதம் மதித்திருக்கிறார்கள். சேர்ந்து சாப்பிடுவது மட்டும் நடக்கவில்லை.

அந்தத் தலைவிக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். அடுத்த முறை, என் பிறந்தநாளுக்கு, அவராகவே தேடிப் பிடித்து ஹலால் சான்றிதழ் பெற்ற ஓர் உணவகத்தில் மேசை போட்டார். அங்கே சிங்கப்பூரின் பெருமையான சில்லி கிராப் கிடைக்கும் என்பது அவருடைய கூடுதல் சந்தோஷம். பெரிய தட்டில் சிவப்பாக நண்டு வந்து இறங்கியது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

நான் நண்டு சாப்பிடுவதில்லை.

கூத்தாநல்லூர் ராவுத்தர் குடும்பம், ஹனஃபி மத்ஹப். கடல் உணவில் எங்களுக்கு மீன் மட்டும்தான். இறாலை மீன் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம், அதிலும் வாக்குவாதம் உண்டு. நண்டும் கணவாயும் எங்கள் அடுப்பில் ஏறியதில்லை. கிழக்கே நாகூர்ப் பக்கம் போனால் மரைக்காயர்கள் ஷாஃபி மத்ஹப், அவர்கள் வீட்டில் நண்டுக் குழம்பு மணக்கும். சிங்கப்பூர் மலாய்க்காரர்களும் ஷாஃபிதான். அங்கே ஹலால் சான்றிதழ் தருவது முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம், 1978-லிருந்து தருகிறது. அந்த முத்திரைக்குக் கீழே நண்டு தாராளமாக உண்டு.

மேசையில் இருந்த மலாய்ச் சக ஊழியரை நாங்கள் அபாங் என்போம், அண்ணன் என்று அர்த்தம். அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. என் பங்கையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "சான்றிதழ் இருக்கு, நான் இருக்கேன், உனக்கு இன்னும் என்ன வேணும்?" என்றார். தலைவி பாவம், கைபேசியில் மறுபடி எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் பன்னைக் குழம்பில் தோய்த்துத் தின்னலாமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு முட்டை சோறு வரவழைத்துக்கொண்டேன்.

அபாங்கை நான் பழிதீர்த்துக்கொள்ள ஒன்றரை வருஷம் ஆனது. தலைவியின் அம்மா எங்களைப் புத்தாண்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். ஆன்ட்டிக்கு ஒரே கவலை, அவருடைய வாணலியில் பன்றி சமைத்திருக்கிறதே, என்ன செய்வது? இந்தக் கேள்வி புதிதில்லை. வேதக்காரர்கள் (யூதர், கிறிஸ்தவர்) வாழும் ஊரில் இருக்கிறோம், அவர்களுடைய பாத்திரத்தில் சாப்பிடலாமா என்று அபூ தஃலபா என்கிற தோழர் நபியிடமே கேட்டிருக்கிறார். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் சாப்பிடுங்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள் என்பது பதில். எங்கள் மத்ஹபில் நன்றாகக் கழுவினால் போதும். ஷாஃபியில் பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கரைத்த தண்ணீர். மலாயில் அதற்கு செர்த்து என்று பெயர். நண்டில் தாராளமாக இருந்த அபாங் வாணலியில் கண்டிப்பாகிவிட்டார். "உனக்கு இன்னும் என்ன வேணும்?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

ஆன்ட்டி இந்த விவாதத்துக்குள் வரவே இல்லை. கடைக்குப் போய்ப் புது வாணலி, புதுக் கரண்டி, ஆறு தட்டு வாங்கிவந்துவிட்டார். ஹலால் கடையில் கோழி. சீனச் சமையலில் சர்வசாதாரணமாக ஊற்றும் அரிசி மதுவை விட்டுவிட்டு இஞ்சியும் எள்ளெண்ணெயும் கூட்டினார். மாட்டிறைச்சி அந்த வீட்டுக்குள்ளேயே வராது, ஆன்ட்டி கருணைத் தெய்வமான குவான் யின் பக்தை. அதைக் கேட்டதும் எங்கள் கும்பகோணத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் பன்றி தொடமாட்டேன், அவனும் ஆன்ட்டியும் மாடு தொடமாட்டார்கள், புரட்டாசியில் அவனுக்கு முட்டைகூட ஆகாது, ரமலானில் எனக்கும் அபாங்குக்கும் மதியம் தண்ணீர்கூட ஆகாது. எங்கள் மேசையில் ஹலால்காரன் மட்டும்தான் கணக்குப் பார்க்கிறவன் என்ற நினைப்பு எனக்கு அன்றோடு போனது.

முத்திரையே இல்லாத ஊரிலிருந்து வந்தவனுக்கு இந்த நாட்டின் ஒழுங்கு ஆரம்பத்தில் வேடிக்கைதான். உணவங்காடி நிலையங்களில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்குகூட ஹலாலுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. ஊரில் எங்களுக்கிருந்த ஒரே சான்றிதழ் "பாய் அறுத்ததா?" என்ற கேள்வி. ஆட்டுக்கறிக் கடைக்காரர் யாராக இருந்தாலும் அறுக்க ஒரு பாய் வருவார் என்ற நம்பிக்கை. புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கொண்டுவரும் இறைச்சியில் அல்லாஹ்வின் பெயர் சொல்லப்பட்டதா தெரியவில்லையே என்று கேட்டபோது, நீங்கள் பிஸ்மி சொல்லிச் சாப்பிடுங்கள் என்று நபி சொன்னதாக அவருடைய மனைவி ஆயிஷா அறிவிக்கும் ஹதீஸ் புகாரி தொகுப்பில் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் சாய்கிறவன். ஆனால் சீன உணவகக் கதவில் ஒட்டியிருக்கும் 'பன்றி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்ற அட்டையை நம்பி உள்ளே போகமாட்டேன். கோழி எப்படி அறுக்கப்பட்டது, குழம்பில் என்ன மது ஊற்றினார்கள் என்று அந்த அட்டை எதுவுமே சொல்வதில்லை.

குழம்பில் ஊற்றும் மதுவைப் பற்றி நண்பர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "வெந்ததும் ஆவியாப் போயிடும்பா." போகாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி கால் மணி நேரம் கொதித்த குழம்பில் ஊற்றிய ஆல்கஹாலில் 40 சதவீதம் மிஞ்சுகிறது, ஒரு மணி நேரம் கொதித்தால் 25, இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5. வாணலியில் தீ எழுப்பிக் காட்டுகிறார்களே, அதில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னால் கும்பகோணத்தான் மடக்குவான்: அப்போ பழுத்த வாழைப்பழத்தில் இல்லையா, சோயா சாஸில் இல்லையா? இருக்கிறதுதான். தானாக ஊறியதில் இருக்கும் துளியை யாரும் மது என்று சொல்வதில்லை, எத்தனை சீப்பு பழம் தின்றாலும் போதை வராது. அதிகம் குடித்தால் எது போதை தருமோ அதில் கொஞ்சமும் ஹராம் என்பது நபிமொழி. ஒயின் பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினால் அந்தக் கரண்டிக்கும் பாட்டிலின் சட்டம்தான். திராமிசு கேக்கில் ரம் 'வாசனைக்குத்தான்' என்று சொன்ன கடைப்பையனிடம் இவ்வளவையும் விளக்க முடியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

சாப்பாடு எப்படியோ தீர்ந்துவிடுகிறது. எனக்கு இன்னும் தீராதது உட்காருவது.

அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் மது பரிமாறப்படும் விரிப்பில் உட்கார வேண்டாம் என்று ஒரு ஹதீஸ், இதுவும் திர்மிதியில். தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிய விதி இல்லை இது, மேசையைப் பற்றிய விதி. கோக் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவனையும் எழுந்திரு என்கிறது. அபாங் இதில் தெளிவு: பாட்டில் வரும் இடத்துக்கு அவர் வரமாட்டார், அலுவலக விருந்தானாலும் சரி. அவருக்கு இங்கே பதவி உயர்வு கொஞ்சம் தாமதமானதில் அதற்குப் பங்குண்டு என்று நான் நினைக்கிறேன், அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை. வாடிக்கையாளர் வந்திருக்கிறார், எழுந்தால் நன்றாக இருக்காது என்று காரணம் சொல்லிக்கொண்டு, மீனைக் கிளறிக்கொண்டு. நிர்ப்பந்தம் என்று மார்க்கம் ஒத்துக்கொள்ளும் அளவுக்கு அது நிர்ப்பந்தமா என்று ஹஜ்ரத்திடம் நான் கேட்கவில்லை. பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

நண்பர்களிடம் அந்தச் சாக்கு இல்லை. வாடிக்கையாளரும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அதனால் கோட்டா விஷயத்துக்குப் பிறகு, கொஞ்சம் தயங்கித் தயங்கி, இதையும் கும்பகோணத்தானிடம் சொன்னேன். அவனுக்கு முதலில் கோபம்தான். "நான் குடிக்கிறதுக்கு நீ ஏன்டா எழுந்து போகணும்? நாங்க என்ன தீட்டா?" தஞ்சாவூர் மாவட்டத்தில் வளர்ந்தவன் வாயில் அந்த வார்த்தை வந்தால் அது சும்மா வருவதில்லை. ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. அவன் எச்சில் தட்டில் நான் சாப்பிட்டிருக்கிறேன், நாளைக்கும் சாப்பிடுவேன், என் சிக்கல் பாட்டிலோடு மட்டும் என்றேன். முழுக்க ஏற்றுக்கொண்டானா தெரியாது. அதற்குப் பிறகு சனிக்கிழமைச் சந்திப்புகள் மெல்லக் காலைச் சாப்பாட்டுக்கு மாறின. லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இடியாப்பம், அப்புறம் ஒரு தேநீர். காலை எட்டு மணிக்கு யாரும் பாட்டிலைத் திறப்பதில்லை.

அடுத்த மாதம் அவன் நிரந்தரமாக ஊருக்குப் போகிறான். வழியனுப்பு விருந்து சாயந்திரம்தான், அவன் ஆசைப்பட்ட இடத்தில்தான். அபாங் காலையிலேயே விமான நிலையத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நான் போவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து செய்தி வந்தது. ஆறு மணிக்குப் பக்கத்து ஹலால் கடையில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, ஆன்ட்டியும் வருகிறார், அதன் பிறகு அவர்கள் மட்டும் அடுத்த இடத்துக்கு. கீழே இன்னொரு வரி:

"ஏழரைக்கு உன்னைக் கிளப்பி விட்டுருவோம் பாய். அதுக்கப்புறம் எங்களுக்குத்தான் ஏழரை."